92 ஹைலக்ஸில் ஒன்றரைத் தொன் கேம்பிங் டிரெய்லர்: அட்டன் பக்கமிருந்து அறுகம்பைக்கு இழுக்கலாமா?

கொட்டகலைக்காரன் (ஜூலை 3)

வணக்கம். இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இன்றைக்குத்தான் முதன்முதலாக எழுதுகிறேன், அதுவும் ஒரு தலைவலியோடு. என் மைத்துனர் கொழும்புப் பக்கம் யாரிடமோ ஒரு கேம்பிங் டிரெய்லர் வாங்கி, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, "ஓகஸ்ட் லீவுக்கு எல்லோரும் இதில்தான் அறுகம்பை போகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரிடம் இருப்பது சின்னக் கார். ஆகவே இழுக்க வேண்டியது என்னுடைய டபுள் கெப்.

வண்டி 1992 டொயோட்டா ஹைலக்ஸ், எல்என்106 மொடல். 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின், டர்போ கிடையாது, ஐந்து கியர், முன் சில்லில் கையால் திருப்பும் ஹப் லொக் (முன் சில்லை அச்சோடு சேர்க்கவும் பிரிக்கவும்). கிளச் போன வருடம் மாற்றியது. டிரெய்லர் ஒற்றை அச்சு, இரும்புச் செசி, மேலே பெட்டி. நான்கு பேர் படுக்கலாம், பின்பக்கம் கதவைத் திறந்தால் குசினி, அதற்குக் கீழே 100 லீற்றர் தண்ணீர்த் தொட்டி. கல் குவாரியில் லொறி நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தேன். தண்ணீர் இல்லாமல் 1,380 கிலோ. பிரேக் இருக்கிறது என்று விற்றவர் சொன்னாராம். குனிந்து பார்த்தால் பிரேக் டிரம் இரண்டும் இருக்கின்றன, ஆனால் பிரேக் கம்பி துருப்பிடித்து அசையவே மாட்டேன் என்கிறது.

போகும் வழி தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை, பெரகல, வெல்லவாய, அப்புறம் மொனராகலை, பொத்துவில். என் கேள்வி ஒன்றுதான்: இந்த எஞ்சின் இதை இழுத்துக்கொண்டு நானுஓயா ஏற்றம் ஏறுமா?

தோட்டத்துராசா (ஜூலை 3)

ஏறும் ஏறும், பயப்படாதீங்க. எங்கள் தோட்டத்தில் டிராக்டர் பின்னால் இதைவிடப் பாரமான பெட்டியில் கொழுந்து மூட்டை ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்குகிறோம், அந்தப் பெட்டிக்கு எந்தப் பிரேக்கும் கிடையாது. எல்என்106 எஞ்சின் சாகாது. போய்ட்டு வாங்க.

பழைய லொறி (ஜூலை 3)

தம்பி கொட்டகலை, நீங்கள் கேட்ட கேள்வியே பிழை. ஏறுமா என்று கேட்காதீர்கள். ஏறாவிட்டால் வண்டி நிற்கும், ரேடியேட்டர் கொதிக்கும், நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதான். அப்புத்தளையிலிருந்து வெல்லவாய வரைக்கும் இறங்குமா என்று கேளுங்கள்.

நான் 27 வருடம் லொறி ஓட்டியவன். முதலில் தோட்டத்துக் கொழுந்து லொறி, பிறகு கொழும்புக்குத் தேயிலைப் பெட்டி. எனக்கு ஸ்டியரிங் பழக்கிய மூத்த டிரைவர் முதல் நாளே சொன்னது, எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு, சந்தேகம் வந்தால் இன்னும் ஒன்று குறை. பிரேக் என்பது வண்டியை நிறுத்துவதற்கு, இறக்கத்தில் வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இல்லை. பிடித்துக்கொண்டிருக்கும் வேலை எஞ்சினுடையது.

தோட்டத்துராசா சொல்கிறவருக்கு ஒரு வார்த்தை. டிராக்டரும் பாரம், அதன் பின்சில்லு ஓராள் உயரம், போகிற வேகம் நடக்கிறவனைவிடக் கொஞ்சம் கூட. அப்படியிருந்தும் எத்தனை டிராக்டர் தேயிலை மலைக்குள் உருண்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? கணக்குப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. லொறியில் எக்ஸோஸ்ட் பிரேக் இருக்கும், விசையைத் தட்டினால் புகைக்குழாயை அடைத்து எஞ்சினையே பிரேக் ஆக்கிவிடும். ஹைலக்ஸில் அது இல்லை. போதாததற்கு டீசல் எஞ்சினில், பெற்றோல் எஞ்சின் மாதிரி காற்று போகும் வாயை மூடும் தகடும் இல்லை, அதனால் காலை எடுத்தாலும் அது பெரிதாக இழுத்துப் பிடிக்காது. மூன்றாவது கியரில் விட்டால் டிரெய்லர் உங்களை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போகும். இரண்டாவது. சில முடக்குகளில் முதலாவது. பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும்.

டிரெய்லருக்குச் சொந்தமாகப் பிரேக் வேலை செய்யாமல் இந்தப் பயணத்துக்கு என் சம்மதம் இல்லை.

பௌதிகவாத்தி (ஜூலை 4)

பழைய லொறி அண்ணன் அனுபவத்தில் சொன்னதை நான் கணக்கில் போட்டுக் காட்டுகிறேன், பிள்ளைகளுக்கும் இதையே கரும்பலகையில் போட்டிருக்கிறேன்.

ஹைலக்ஸ், அதில் ஐந்து பேர், சாமான் எல்லாம் சேர்த்து 2,050 கிலோ அளவில் வரும். டிரெய்லர் தண்ணீரோடு 1,480. மொத்தம் மூன்றரைத் தொன். அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேல், வெல்லவாய 200 மீற்றர் அளவில். ஆக 1,200 மீற்றர் கீழே இறங்குகிறீர்கள். 3,500 பெருக்கல் 9.8 பெருக்கல் 1,200 போட்டால் 41 மெகாஜூல். இது எங்கேயும் மறையாது, வெப்பமாக வெளியே வந்தே தீரும். ஒரு லீற்றர் தண்ணீரை 20 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக மூன்றில் ஒரு மெகாஜூல் வேண்டும். அப்படியானால் உங்கள் இறக்கத்தில் வெளிவரும் சூட்டில் 120 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம், ஒரு கல்யாண வீட்டுக்குத் தேநீர் போடலாம். டயர் உருளும் தடையும் காற்றும் இதில் நல்ல ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், அதுவும் உண்மைதான். மீதியை எஞ்சின் வாங்க வேண்டும், அல்லது பிரேக் வாங்க வேண்டும். செங்குத்தான துண்டுகளில் டயரும் காற்றும் பெரிதாக உதவாது, எல்லாம் உங்கள் காலுக்குக் கீழேதான்.

டிரெய்லர் பிரேக் இல்லாவிட்டால் ஹைலக்ஸின் பிரேக் தன் வழக்கமான பாரத்தைப் போல 1.7 மடங்கைச் சுமக்கிறது. முன் டிஸ்க் சூடாகும், அந்தச் சூடு பிரேக் ஒயிலுக்குப் போகும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகையில் கொதிக்கும், ஈரம் உறிஞ்சியபின் 140இலேயே கொதிக்கத் தொடங்கும். பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான், நம் நுவரெலியா மாவட்டத்தில் ஈரத்துக்கா பஞ்சம்? ஒயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், ஆவியை நசுக்கலாம், ஒயிலை நசுக்க முடியாது, ஆகவே பெடல் நேரே தரைக்குப் போகும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

ஏற்றம் பற்றியும் ஒரு வரி. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் பலத்தை இழக்கும். நுவரெலியா 1,868 மீற்றர். கொழும்பில் இருந்த குதிரைகளில் ஐந்தில் ஒன்று அங்கே வரும்போது லீவில் போயிருக்கும்.

கொட்டகலைக்காரன் (ஜூலை 4)

சேர், கடைசியாக எப்போது மாற்றினேன் என்று கேட்டீர்கள். உண்மையைச் சொன்னால் நான் வண்டி வாங்கி ஆறு வருடம், மாற்றவே இல்லை, குறைந்தால் ஊற்றுவேன். மூடியைத் திறந்து பார்த்தேன், பிளேன்டி (பால் விடாத தேநீர்) நிறத்தில் இருக்கிறது.

மெல்பேர்ன் வாசி (ஜூலை 4)

நான் ஊர் பருத்தித்துறை, இருப்பது மெல்பேர்ன். இங்கே வாரக்கடைசி என்றால் பாதிச் சனம் டிரெய்லரும் இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விடும், அதனால் இதில் கொஞ்சம் அடிபட்ட அனுபவம் உண்டு.

ஒஸ்ரேலியாச் சட்டத்தில் 750 கிலோ வரைக்கும்தான் பிரேக் இல்லாமல் இழுக்கலாம். 750இலிருந்து 2,000 கிலோ வரை ஓர் அச்சிலாவது பிரேக் வேண்டும். அதற்கு மேல் எல்லாச் சில்லிலும், கூடவே டிரெய்லர் கழன்றால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும். ஐரோப்பாவிலும் அந்த 750 கிலோக் கோடுதான். தம்பியின் டிரெய்லர் அதைப்போல இரண்டு மடங்கு. இதைச் சட்டத்துக்காகச் சொல்லவில்லை, ஏன் இரண்டு கண்டத்திலும் அதே எண்ணில் கோடு கிழித்தார்கள் என்று யோசியுங்கோ.

உங்களுடையது தள்ளுப் பிரேக். வண்டி மெதுவாகும்போது டிரெய்லர் முன்னுக்கு வந்து, வண்டியோடு மாட்டுகிற கொழுவியைத் தள்ளும், அந்தத் தள்ளு கம்பி வழியாகப் போய் டிரம்மைப் பிடிக்கும். சமதரையில் அருமையான சாமான். நீண்ட இறக்கத்தில் அதற்கு ஒரு கெட்ட குணம் இருக்கு: நீங்கள் கியரில் பிடித்து இறங்கும்போதும் டிரெய்லர் தள்ளிக்கொண்டுதானே இருக்கும், அப்ப அது முழுநேரமும் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பிடித்தபடியே வரும், டிரம் சூடேறும், சூடேறிய டிரம் விரிந்து, உள்ளேயிருந்து அதை அழுத்துகிற ஷூவைவிட்டு விலகும், கடைசியில் பிடிக்கவே பிடிக்காது. மின்சாரப் பிரேக் என்றால் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, தேவைப்படும்போது டிரெய்லரை மட்டும் தனியாகக் கையால் பிடிக்கலாம். வேண்டுமென்றால் பெட்டியை நான் டிசம்பரில் வரும்போது கொண்டுவாறன், ஆனால் ஓகஸ்டுக்கு உதவாது, டிரம்முக்குள் இருக்கிற தட்டையும் மாற்ற வேண்டும்.

லேத்கடை (ஜூலை 5)

கம்பளையில் லேத்தும் வெல்டிங்கும் வைத்திருக்கிறேன். கராஜ் பாஸ்மார் அனுப்பும் இந்த மாதிரிச் சாமான் கைக்கு வருவது உண்டு, அதனால் சொல்கிறேன்.

அந்தப் பிரேக் கம்பியை எண்ணெய் ஊற்றி அசைத்து "சரி வேலை செய்யுது" என்று விட்டுவிட வேண்டாம். கொழுவித் தலையைக் கழற்றுங்கள். உள்ளே தள்ளும் தண்டு, அதன் புஷ், கிரீஸ் போகும் வாய், எல்லாம் பார்க்க வேண்டும். டிரம் இரண்டையும் திறந்து ஷூ எவ்வளவு மிச்சம், ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா, பெயாரிங்கில் சத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே அளவு பிடிக்கிற மாதிரி செட் பண்ண வேண்டும், ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் அது பிரேக் இல்லாததைவிட மோசம்.

பழைய தள்ளுப் பிரேக்கில் ரிவர்ஸ் எடுத்தாலும் பிரேக் பிடிக்கும், அதுவும் மேட்டுப் பக்கம் பின்னால் தள்ளினால் அசையவே அசையாது. அதற்காக ஒரு முளை குத்திப் பிரேக்கைப் பூட்டி வைப்பார்கள். ரிவர்ஸ் எடுத்து முடிந்ததும் அந்த முளையைக் கழற்ற மறந்தால், டிரெய்லருக்குப் பிரேக்கே இல்லாமல் இறக்கத்துக்குப் போகிறீர்கள், உங்களுக்கு அது தெரியவும் தெரியாது. முளையில் ஒரு சிவப்புத் துணி கட்டி, கழற்றிய பிறகு அதை ஸ்டியரிங்கில் கட்டுங்கள். துணி ஸ்டியரிங்கில் இல்லாவிட்டால் வண்டி அசையக் கூடாது.

அடுத்தது முனைப் பாரம். டிரெய்லரின் மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது வண்டியின் கொழுவியில் உட்கார வேண்டும். உங்களுக்கு 140 கிலோ. குசினியும் தண்ணீரும் பின்னால் என்கிறீர்கள், எனக்கென்னவோ முனை இலேசாக இருக்கும் என்றுதான் படுகிறது. வீட்டில் ஆள் நிறுக்கும் தராசு இருந்தால் பார்த்துவிடலாம். ஒரு பலகையின் ஒரு நுனியைச் செங்கல்லிலும் மறு நுனியைத் தராசிலும் வைத்து, டிரெய்லர் முனையைச் சரியாக நடுவில் இறக்குங்கள். தராசு பாதியைக் காட்டும், இரண்டால் பெருக்குங்கள். சில்லுக்குக் கட்டை வைத்துவிட்டுச் செய்யுங்கள், கால் விரல் போய்விடும்.

பண்டாரவளை பாய் (ஜூலை 5)

ஒருவரும் லோ கியர் பற்றிச் சொல்லவில்லையே? ஹைலக்ஸ்தானே. முன் ஹப் இரண்டையும் ஃப்ரீயில் விட்டுவிட்டு உள்ளே 4எல் (நாலு சில்லு லோ) போட்டால் பின்சில்லு மட்டும் லோவில் ஓடும். வேகம் 2.28 மடங்கு குறையும். முன் அச்சு சேராததால் தார் ரோட்டிலும் முறுக்காது. லோ மூன்றில் காலை எடுத்தால் எறும்பு மாதிரி இறங்கும், பிரேக்கைத் தொடவே தேவையில்லை.

பழைய லொறி (ஜூலை 5)

பாய் சொல்வது நல்ல வித்தை, காய்ந்த ரோட்டுக்கு. ஆனால் முழுப் பிடியும் இரண்டு பின்சில்லில் மட்டும். மழை தூறி, ரோட்டில் இலையும் மண்ணும் இருக்கும்போது பின்சில்லு வழுக்கினால் டிரெய்லர் பின்னால் தள்ளி வண்டியைக் கத்தி மடிக்கிற மாதிரி மடித்துவிடும். அப்படி ஒன்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், கினிகத்தேனைக்குக் கீழே, டிரைவர் உயிரோடு இருக்கிறார், வண்டி இல்லை.

பண்டாரவளை பாய் (ஜூலை 5)

மழையில் நானும் போட மாட்டேன் அண்ணே. காய்ந்த ரோட்டுக்குத்தான் சொன்னேன்.

பௌதிகவாத்தி (ஜூலை 5)

இருவரும் ஒன்றைத்தான் சொல்கிறீர்கள்: மழையில் இறங்கக் கூடாது.

பதுளைக்காரி (ஜூலை 6)

நான் பதுளையிலிருந்து வான் ஓட்டுகிறேன், ஸ்கூல் பிள்ளைகள், லீவில் சுற்றுலா ஆட்கள். எஞ்சின் பற்றி உங்கள் அளவுக்குப் பேச மாட்டேன், ரோட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

தம்பி, யாராவது "எல்ல வழியாக வெல்லவாயவுக்கு இறங்கு, கிட்ட" என்று சொன்னால் கேட்காதீர்கள். ஓகஸ்டில் எல்லவில் வெள்ளைக்காரர் நடுரோட்டில் நின்று படம் எடுப்பார்கள், இராவணன் நீர்வீழ்ச்சிப் பக்கம் இரண்டு பக்கமும் வண்டி நிறுத்தி ஒரு பாதைதான் மிஞ்சும், அந்த இடத்தில் சூடான பிரேக்கோடு நின்று நின்று இறங்க வேண்டும். 2025 செப்டெம்பரில் அந்த ரோட்டில்தான் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் போனார்கள். நீங்கள் சொன்ன பெரகல, கொஸ்லந்த வழி நீளம்தான், ஆனால் ஒதுங்க இடம் கிடைக்கும்.

எல்லோரும் அப்புத்தளை இறக்கத்தையே பேசுகிறீர்கள். அதற்கு முன்னால் நுவரெலியாவிலிருந்து ஹக்கலை தாண்டி வெலிமடைக்கு இறங்குவது ஒன்று இருக்கிறது, அதை மறந்துவிட்டீர்களா? சீதா எலியவில் அம்மனைக் கும்பிட நிற்பீர்கள்தானே, அங்கேயே கியரைக் குறைத்துக்கொண்டு புறப்படுங்கள். கும்பிட்டுவிட்டு மூன்றாவது கியரில் போனால் அம்மன் என்ன செய்வாள்.

முடக்கில் டிரெய்லர் உங்கள் சில்லுத் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடது முடக்கில் ரோட்டோரக் கானுக்குள் சில்லு இறங்கும், வலது முடக்கில் எதிரே வருகிற பஸ்ஸின் பாதைக்குப் போகும். அதனால் கொஞ்சம் நேரே போய்ப் பிறகு திருப்ப வேண்டும். முடக்குக்கு முன்னால் ஹோர்ன் அடியுங்கள், பகலிலும் லைட் போடுங்கள். ஏறி வருகிற வண்டிக்கு இடம் விட்டு நில்லுங்கள், பின்னால் ஐந்து வண்டி சேர்ந்தால் ஒதுங்கி விட்டுவிடுங்கள், அந்த நேரத்தில் டிரம்மும் ஆறும். இரண்டு பக்கக் கண்ணாடியும் வெளியே நீட்டுகிற மாதிரி மாற்றினால்தான் பெட்டிக்குப் பின்னால் தெரியும்.

அப்புறம் காப்புறுதிக்காரர்களிடம் டிரெய்லர் இழுக்கப் போவதை எழுத்தில் சொல்லி வையுங்கள், டிரெய்லரின் பதிவுப் புத்தகமும் கையில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு வாந்தி வராமல் இருக்க இஞ்சி.

கொட்டகலைக்காரன் (ஜூலை 14)

எல்லோருக்கும் நன்றி. வேலை நடந்திருக்கிறது, சொல்கிறேன்.

முனைப் பாரம் அளந்தேன். லேத்கடை அண்ணன் சொன்னது சரி, 60 கிலோதான் வந்தது. மைத்துனரைக் குசினிப் பக்கம் ஏறி நிற்கச் சொன்னேன், முனை அப்படியே மேலே எழும்பிவிட்டது, அவரும் ஒரு சத்தம் போட்டார். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். பழைய ஆள் உள்ளே இரும்பு அலமாரி வெல்ட் பண்ணி வைத்திருந்தார், ஒரு ஜெனரேட்டர், இரண்டு பற்றரி, மரப் பலகை மேசை, ஆறு இரும்புக் கதிரை. எல்லாம் போனது. தண்ணீர்த் தொட்டி காலி, மலைநாட்டிலிருந்து போகிறவன் தண்ணீரையா சுமந்துகொண்டு போவான்? மிச்சத்தை அச்சுக்கு முன்னால் தள்ளி வைத்தோம், காஸ் சிலிண்டர் முனைப் பெட்டிக்குப் போனது. இப்போது மொத்தம் 1,120 கிலோ, முனை 115.

பிரேக்: தண்டு, புஷ் புதிது. ஷூ ஒரு பக்கம் எண்ணெய் குடித்து ஊறியிருந்தது, இரண்டு பக்கமும் மாற்றினோம். பெயாரிங் மாற்றினோம். டயரைப் பார்த்தால் புதுசு மாதிரி ஆழமான பள்ளங்கள், பக்கத்தில் பொறித்திருந்த எண் 2314. அதாவது 2014ஆம் வருடம் 23ஆவது வாரம். வாங்கியவரும் விற்றவரும் அதைப் பார்க்கவில்லை. இரண்டையும் கழற்றி எறிந்தாச்சு. பாதுகாப்புச் சங்கிலி ஒன்றுதான் இருந்தது, இரண்டாக்கி முனைக்குக் கீழே பெருக்கல் குறி மாதிரிக் குறுக்கே போட்டோம்.

ஹைலக்ஸுக்குப் பிரேக் ஒயில் முழுவதும் மாற்றி டொட் 4 ஊற்றினேன், முன் பேட் புதிது, ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்துத் துப்புரவாக்கினேன். உள்ளே இருந்து வந்த சேற்றைப் பார்த்தால் யாரோ வருடக்கணக்காக ஓடைத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான்.

மெல்பேர்ன் வாசி (ஜூலை 14)

1,120, அருமை தம்பி. இனி எனக்குப் பயம் மலை இல்லை, கீழே சமதரைதான். மொனராகலை தாண்டி நேரான ரோட்டில் கால் தானாக அழுத்தும். வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கினால் ஸ்டியரிங்கால் திருத்தப் போகாதே, பிரேக்கையும் அடிக்காதே, காலை மட்டும் மெல்ல எடு, அதுவாக அடங்கும். 60க்கு மேல் போகாவிட்டால் அந்தப் பிரச்சினை அநேகமாக வராது.

கொட்டகலைக்காரன் (ஜூலை 21)

ஞாயிறு ஒத்திகை ஓடினோம். கொட்டகலையிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வரை ஏறி, திரும்பி அதே வழி. பிள்ளைகள் இல்லை, நானும் மைத்துனரும், பின்னால் பாரத்துக்கு நான்கு மூட்டை மணல். ரதல்ல குறுக்கு ரோட்டுப் பக்கமே போகவில்லை, பஸ்ஸும் வானும் மோதிய 2023 ஜனவரி விபத்தை நினைத்தால் அந்த இறக்கத்தில் டிரெய்லரோடு எனக்கு வேலை இல்லை.

ஏற்றம் இரண்டாவது கியர், அப்பப்ப மூன்று. தலவாக்கலை தாண்டி எஞ்சின் சூடு காட்டும் முள் மெல்ல மேலே வந்தது, ஹீட்டரை முழுக்கத் திறந்தேன், முள் இறங்கியது. வெளியே பனிமூட்டம், உள்ளே இருவரும் சட்டையைக் கழற்றிவிட்டு வியர்த்துக்கொண்டு போனோம். ஒரு தேயிலைக் கொழுந்து லொறிகூட எங்களை முந்தியது, அதன் டிரைவர் கையைக் காட்டினார், அன்பாகத்தான் என்று நினைக்கிறேன்.

இறக்கத்தில் டெவன் நீர்வீழ்ச்சி பார்க்கிற இடத்தில் நிறுத்தி டிரெய்லர் சில்லின் ஹப்பைத் தொட்டேன். வலது கை வைக்கலாம், இளஞ்சூடு. இடது பக்கம் வைத்த கையை உடனே எடுத்தேன், வாசனையும் வந்தது. மைத்துனர் போத்தலோடு வந்து தண்ணீர் ஊற்றப் போனார், நல்லவேளை பிடித்துக்கொண்டேன்.

லேத்கடை (ஜூலை 21)

சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும், அந்த மனுஷனைப் போத்தலோடு கிட்ட விடாதீர்கள். இடது ஷூ அதிகம் இறுகியிருக்கிறது. இரண்டு சில்லையும் தூக்கிக் கையால் சுற்றுங்கள், இடது சீக்கிரம் நிற்கும் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரிச் சுற்றும்வரை இடதைத் தளர்த்துங்கள். அப்புறம் இன்னொரு ஓட்டம், இன்னொரு தடவை தொட்டுப் பாருங்கள்.

பழைய லொறி (ஜூலை 21)

இறங்கும்போது பிரேக்கை எப்படிப் போட்டீர்கள்? மெல்ல மெல்ல முழு வழியும் மிதித்துக்கொண்டு வந்தீர்களா?

கொட்டகலைக்காரன் (ஜூலை 22)

இல்லை அண்ணே, இரண்டாவது கியர். 35 தாண்டினால் உறுதியாக ஒரு மிதி, 20க்கு வந்ததும் முழுசாக விட்டுவிடுவேன். நின்றால் காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு இருக்காமல் கியரில் போட்டுச் சில்லுக்குக் கட்டை. இடது ஷூ தளர்த்தியாச்சு, நேற்று மாலை மறுபடி ஓடினோம், இரண்டு பக்கமும் ஒரே சூடு.

கொட்டகலைக்காரன் (ஓகஸ்ட் 27)

போய்விட்டு வந்துவிட்டோம். பாதி இந்த இழைக்காரர்களை நம்பித்தான் போனேன், அதனால் கணக்கு ஒப்புவிக்கிறேன்.

முதல் நாள் பண்டாரவளையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். விடியக் கிளம்பி ஆறரைக்கு அப்புத்தளை, மழை இல்லை, ரோடு காய்ந்து கிடந்தது. பாய் சொன்னபடி ஹப்பை ஃப்ரீயில் விட்டு லோவில் போட்டேன், மூன்றாவது. உண்மையில் எறும்புதான். அப்புத்தளைக்கும் பெரகலவுக்கும் நடுவில் அந்தப் பள்ளத்தைப் பார்த்த மனைவி வெல்லவாய வரை வாயே திறக்கவில்லை, பதினைந்து வருடக் கல்யாணத்தில் இது முதல் தடவை. பெரகலவில் நிறுத்தித் தேநீர், ஹப் தொட்டுப் பார்த்தோம். தியலும நீர்வீழ்ச்சிக்குக் கிட்ட மறுபடி. வெல்லவாய வந்து சேரும்போது பத்து மணி ஆகிவிட்டது, சாதாரணமாகப் போகிறவர்கள் சிரிப்பார்கள். முளைத் துணி விஷயம், லேத்கடை அண்ணே, கொஸ்லந்தவில் தேநீர்க் கடை வாசலில் ரிவர்ஸ் எடுத்துவிட்டு முளையோடு புறப்படப் போனேன். ஸ்டியரிங்கில் துணி இல்லை என்று பார்த்துச் சொன்னது என் மகள், எட்டு வயது.

அறுகம்பை அருமை, அதை வேறு இழையில் எழுதுகிறேன்.

திரும்பும் வழிதான். வெல்லவாயவில் மதியம், நெருப்பு வெயில், ஏற்றம் தொடங்கிக் கொஸ்லந்த வருவதற்கு முன்னாலேயே முள் சிவப்புக்குப் பக்கம். நிறுத்தி முக்கால் மணி நேரம் ஆறவிட்டேன், மூடியைத் திறக்கவில்லை. உட்கார்ந்திருந்தபோது யோசித்தேன், இந்தப் பெட்டியை ஏன் மேலே இழுத்துக்கொண்டு போகிறேன், கொட்டகலையில் குளிரில் இதில் யார் படுக்கப் போகிறார்கள்? மைத்துனரைப் பார்த்தேன், அவரும் அதையேதான் யோசித்திருக்கிறார். அகலமான இடத்தில் திருப்பி, வெல்லவாயவில் சித்தப்பா வளவில் மாமரத்துக்குக் கீழே விட்டுவிட்டு வெறும் ஹைலக்ஸில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஏறி வந்தோம். அடுத்த வருடம் அங்கேயிருந்து கொழுவிக்கொண்டு நேரே சமதரையில் கிழக்குக்குப் போகலாம்.

பண்டாரவளை பாய் (ஓகஸ்ட் 27)

இதை ஜூலையிலேயே யோசித்திருந்தால் பிரேக் ஷூக் காசு மிச்சம்.

கொட்டகலைக்காரன் (ஓகஸ்ட் 27)

ஜூலையில் அது வாசலில்தானே நின்றது பாய், எப்படியும் ஒரு தடவை இறக்கியே ஆகவேண்டும்.

பழைய லொறி (ஓகஸ்ட் 28)

செசிக்குக் கீழே முட்டுக் கொடுத்து டயரை நிலத்தில் படாமல் தூக்கி வைத்தீர்களா? ஒரு வருடம் ஒரே பக்கம் அழுந்தி நின்றால் புது டயரும் கெட்டுவிடும். காஸ் சிலிண்டரைக் கழற்றினீர்களா?

கொட்டகலைக்காரன் (ஓகஸ்ட் 28)

சிலிண்டரைக் கழற்றிச் சித்தி குசினிக்குக் கொடுத்துவிட்டேன். டயர் இன்னும் நிலத்தில்தான் அண்ணே, இன்றைக்கே சித்தப்பாவுக்குக் கோல் எடுக்கிறேன்.